கல்லூரிப் படிப்பை மதிப்பிட அழைக்கிறார்கள்: போகலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் 14 ஆண்டுகளாக இண்டீரியர் டிசைன் தொழில் செய்கிறேன். மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றவள். தனியார் கல்லூரிகளின் இண்டீரியர் டிசைன் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்குவதற்கான மதிப்பீட்டாளர் பட்டியலில், தொழில்துறை சார்பில் சேர விருப்பமா என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் ஒருநாளும் வகுப்பு எடுத்ததில்லை. பிஎச்.டி. முடித்தவர்கள் நடத்தும் பாடத்தில் நான் போய் என்ன குறை காண்பது? எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்காவிலும் தன்னார்வலர்களை வைத்தே இதைச் செய்கிறார்களாம். அதுவும் இதுவும் ஒன்றுதானா? – வாசகி, பட்டர்வொர்த்.

பதில்:

சகோதரி, சம்மதம் சொல்லுங்கள். ஆனால் குறை காணப் போகிறோம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கல்லூரி தன் படிப்பைப் பற்றிச் சில உறுதிமொழிகளை எழுதிக் கொடுத்திருக்கும். அவற்றுக்கு அத்தாட்சி இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் உங்கள் வேலை. பேராசிரியரின் புலமையை அளக்க உங்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாணவர் வரைந்த தாளை மேசையில் விரித்து, இதை வைத்து சைட்டில் வேலை நடக்குமா என்று சொல்ல ஒரு கண் தேவை. அந்தக் கண் குழுவில் இருக்கும் கல்வியாளர்களைவிட உங்களுக்குக் கூர்மையாகவே இருக்கும்.

ஏற்பாடு எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 679-இன் கீழ் அமைந்த எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமைதான் இதை நடத்துகிறது. ஒரு படிப்பு தொடங்கும் முன் தற்காலிக அங்கீகாரம் வேண்டும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்திற்கு விண்ணப்பிப்பார்கள். தற்காலிகக் கட்டத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தாளும் திட்டமும்தான். முழு அங்கீகாரக் கட்டத்தில்தான் மாணவர் வேலைகள் கையில் கிடைக்கும், உங்கள் அனுபவம் முழுசாகப் பயன்படுவதும் அப்போதுதான். அளவுகோல், 'கோப்பா' (COPPA) என்று எல்லாரும் சொல்லும், படிப்பு அங்கீகாரத்துக்கான நடைமுறை நெறிநூல். பழைய பதிப்பில் 9 பிரிவுகள், இரண்டாம் பதிப்பில் 7: பாடத்திட்டமும் கற்பித்தலும், மாணவர் மதிப்பீடு, மாணவர் சேர்க்கையும் ஆதரவும், ஆசிரியர்கள், கல்வி வளங்கள், நிர்வாகம், தொடர் மேம்பாடு. அதோடு கலை, வடிவமைப்புத் துறைக்கென்று தனியாக ஒரு படிப்புத் தரநூலும் உண்டு. இரண்டும் எம்.கியூ.ஏ. இணையதளத்தில் கிடைக்கின்றன. தரநூலை முதலில் படியுங்கள். அது நம் தொழிலின் மொழியில் இருக்கும்.

நீங்கள் இருக்கும் மதிப்பீட்டுக் குழு பரிந்துரை மட்டும்தான் செய்யும். முடிவு எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரக் குழுவின் கையில். இதை மறந்துவிடாதீர்கள். ஒரு படிப்பின் தலையெழுத்தையே நாம் எழுதுகிறோம் என்று நினைப்பவர் ஒன்று பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இல்லையென்றால் நீதிபதி ஆகிவிடுவார்.

நேரக் கணக்கு: ஆவணங்களைப் படிக்க 15 முதல் 20 மணி நேரம் ஒதுக்குங்கள். நேரில் போவது ஒன்றிரண்டு நாள். அறிக்கை எழுதவும் திருத்தவும் இன்னும் ஐந்தாறு மணி. ஒரு சிறிய வீட்டு வேலைக்கு ஒர்க்கிங் டிராயிங் போடும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பணம் சம்பாதிக்க முடியாது. பயணச் செலவு, தங்கும் இடம் எல்லாம் யார் பொறுப்பு என்பதை நியமனக் கடிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆவணக் கட்டு வந்ததும் பலர் முதல் பக்கத்தில் தொடங்கி, கல்லூரியின் தொலைநோக்கு, குறிக்கோள் பக்கங்களிலேயே களைத்துப் போய்விடுகிறார்கள். நேராகப் பாடவாரிப் படிவங்களுக்குப் போங்கள். கையில் கால்குலேட்டர் இருக்கட்டும். நம் நாட்டுக் கணக்கில் 1 கிரெடிட் என்றால் 40 மணி நேர மாணவர் உழைப்பு. வகுப்பு, வீட்டு வேலை, தேர்வு எல்லாம் இதற்குள் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைக்கு 120. இப்போது ஒரு ஸ்டுடியோ பாடத்தை, அதாவது வரைந்தும் செய்தும் பழகும் பாடத்தை, எடுங்கள். 4 கிரெடிட் என்று போட்டிருக்கிறது, ஆக 160 மணி. கால அட்டவணையில் வாரம் 12 மணி நேரம், 14 வாரம். பெருக்கினால் 168. வகுப்பிலேயே கணக்கு மீறிவிட்டது. மாடல் செய்வதும் தாள் வரைவதும் எந்தக் கணக்கில் வரும்? இதே பாடம் 6 கிரெடிட், வாரம் 10 மணி என்றிருந்தால் 240-இல் 140 வகுப்புக்குப் போய், மீதி 100 மணி, வாரத்துக்கு ஏழு மணி, சொந்த உழைப்புக்கு நிற்கும். இது நடக்கக்கூடிய கணக்கு.

விரிவுரைப் பாடத்துக்கான சூத்திரத்தை அப்படியே எடுத்து ஸ்டுடியோவுக்குப் போட்டுவிடுவதால்தான் இந்தத் தவறு வருகிறது. தனித்தனிப் பாடத்தில் தெரியாமல் போனாலும் பருவத்துக்குக் கூட்டினால் வெளியே வந்துவிடும். ஒரு பருவத்தில் 22 கிரெடிட் என்றால் 880 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு ஏறக்குறைய 52 மணி. 18 கிரெடிட் என்றால் 42. அந்த 52 மணிப் பருவத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களைச் சந்திக்கும்போது எந்தப் பருவம் கடினமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அதே பருவத்தை அவர்களே சொன்னால் உங்கள் கணக்குக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

அடுத்து, பாடங்களையும் கற்றல் விளைவுகளையும் (படித்து முடித்த மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரிகள்) இணைக்கும் அட்டவணை. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு விளைவை மட்டும் நூல் பிடித்தாற்போல் கடைசிவரை தொடர்ந்து போங்கள். "கட்டட விதிகளைத் தம் வடிவமைப்பில் பயன்படுத்துவர்" என்ற வரி எந்தப் பாடத்தில் இருக்கிறது, அந்தப் பாடத்தின் எந்த அசைன்மெண்ட்டில் வருகிறது, ரூப்ரிக்கில், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரித்துக் காட்டும் அட்டவணையில், அதற்கு எத்தனை மதிப்பெண், மாணவர் தாளில் எந்த மூலையில் அது தெரிகிறது. நான்கு படி. பெரும்பாலும் மூன்றாம் படியில் நூல் அறுந்துவிடும்.

நேரில் போகும் நாளில் மாணவர் வேலைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாடத்திலும் உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது என்று மாதிரிகள் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருப்பவை எல்லாம் உயர்ந்தவைதான். அவற்றைப் பார்த்துப் பாராட்டிவிட்டு உட்காருங்கள். பிறகு, கடைசியாக யார் பாஸ் ஆனாரோ அவருடைய கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கெட்டிக்கார மாணவர் எந்தக் கல்லூரியிலும் நன்றாகத்தான் செய்வார். அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பாஸ் கோட்டை ஒட்டி நிற்பவர் என்ன செய்யத் தெரிந்துகொண்டு போகிறார் என்பதில்தான் படிப்பின் தரை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஒரு தாளை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். பினாங்கில் மூன்றாம் ஆண்டில் அடிக்கடி கொடுக்கும் தலைப்பு, ஜார்ஜ்டவுன் கடைவீட்டைக் கஃபேயாகவும் மாடியைத் தங்குமிடமாகவும் மாற்றுவது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தத் தலைப்புக்குக் குறைவே இல்லை. முன்பக்கம் காக்கி லீமா என்னும் கூரையுள்ள ஐந்தடி நடைபாதை, நடுவில் முற்றம், பின்னால் சந்து, நீண்டு ஒடுங்கிய பிளான். ரெண்டரிங் அழகாக இருக்கும், பழைய ஓட்டுத் தரை பளபளக்கும், தொங்கும் விளக்கு மஞ்சளாக எரியும். அதை ஓரமாக வைத்துவிட்டுப் பிளானை எடுங்கள்.

மாடியில் நான்கு அறை, இறங்க ஒரே மரப்படிக்கட்டு, அது கஃபே சமையலறைப் பக்கத்தில் முடிகிறது. கடைசி அறையிலிருந்து வெளியேறும் தூரத்தை மாணவர் அளந்திருக்கிறாரா? 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள், நாம் யூ.பி.பி.எல். என்று சொல்வது, அதன் ஏழாம் அட்டவணையில் அந்தத் தூரத்துக்கு வரம்பு இருக்கிறது. பின் சந்துக் கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்குமா? சுவரில் ஒட்டியிருக்கும் மரப்பட்டி தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற தரப்பிரிவில் எங்கே நிற்கிறது என்று மெட்டீரியல் பட்டியலில் ஒரு சொல்லாவது உண்டா? வாசலில் 150 மில்லிமீட்டர் படி. எல்லாரும் அணுகக்கூடிய கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1184 சொல்லும் 1-க்கு 12 சரிவில் அதற்கு 1,800 மில்லிமீட்டர் சாய்தளம் வேண்டும். காக்கி லீமாவில் நீட்டினால் நடப்பவர் வழி அடைபடும். அப்படியானால் அதை உள்ளே வாங்க வேண்டும், முன்வரிசை மேசை ஒன்று போகும். இந்தத் தியாகத்தைச் செய்த அடையாளம் பிளானில் இருந்தால் அந்த மாணவருக்கு விதி புரிந்திருக்கிறது. சாய்தளம் என்று ஓரத்தில் எழுதி ஓர் அம்புக்குறி மட்டும் போட்டிருந்தால், விதி இருப்பது தெரியும், அவ்வளவுதான். கழிவறையில் சக்கர நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம் வரைந்திருக்கிறார், சரி. கதவு உட்பக்கம் திறந்து அந்த வட்டத்தை வெட்டுகிறதா?

பிறகு சுவர். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு என்று டீடெய்லில் எழுதியிருந்தால், சுவரில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துப் பூச்சு உதிரும் என்பது உங்களுக்குத் தெரியும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடியிருந்தால் சூடான காற்றும் சமையல் புகையும் எங்கே போகும்? அந்தக் கண்ணாடியில் விழும் மழைநீர் எங்கே இறங்கும்? வெட்டுத்தோற்றத்தில் பதில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு "மாணவர் வேலை பலவீனம்" என்று எழுதினால் நாள் முழுக்கப் பட்ட பாடு வீண். ஒரு தாள் ஒரு மாணவரின் கதை. ஒன்பது தாள் பார்த்து, ஏழில் வெளியேறும் வழி ஆராயப்படவில்லை என்று எண்ணிச் சொன்னால் அது படிப்பைப் பற்றிய கண்டறிதல். அடுத்து ரூப்ரிக்கைத் திறங்கள். காட்சிப்படுத்தலுக்கு 40 விழுக்காடு, விதிகளுக்கு 5 என்றிருந்தால் காரணமும் கிடைத்துவிட்டது. அந்த ஐந்தை இழந்தாலும் ஏ வாங்கலாம் என்று எந்த மாணவருக்கும் தெரியும். ஆசிரியர் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. மதிப்பெண் வேறு திசையைக் காட்டுகிறது.

கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது வரவேற்புக் கூடத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள், அங்கேதான் காசு கொட்டியிருப்பார்கள். மெட்டீரியல் லைப்ரரியில் நாலைந்து மாதிரிகளை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சந்தையில் நின்றுபோன லேமினேட்களும் காலாவதியான கேட்டலாக்குகளும் நிறைந்திருந்தால் சப்ளையர்களோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ஒர்க்‌ஷாப்பில் துறைத் தலைவரைவிட அங்கே வேலை செய்யும் டெக்னீஷியனிடம் பேசுங்கள். மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும், தூசி உறிஞ்சி வேலை செய்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவார் என்று கேளுங்கள். கணினிக் கூடத்தில் மென்பொருள் உரிமம் எத்தனை, ஓர் அணியில் மாணவர் எத்தனை பேர். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

ஆசிரியர் பட்டியலில் வழக்கமாக மாட்டும் ஒன்று, வேலையை விட்டுப் போனவர்களின் தன்விவரம் கோப்பிலேயே தங்கியிருப்பது. பட்டியலையும் இந்தப் பருவக் கால அட்டவணையையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பகுதிநேர ஆசிரியர்கள் உங்களைப் போன்ற தொழில்காரர்களாகத்தான் இருப்பார்கள். மதிப்பெண் போடும் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர் சந்திப்பில் ஆசிரியர் யாரும் அறையில் இருக்கக் கூடாது. "உங்கள் லெக்சரர் எப்படி?" என்ற கேள்விக்கு "ஓகே" என்ற பதில்தான் வரும். "போன புராஜெக்ட்டுக்குக் கருத்து எத்தனை நாளில் கிடைத்தது, அதைக் கேட்டு எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் யாரும் பேசமாட்டார்கள். நீங்களும் பேசாமல் இருங்கள். பின்வரிசையில் ஒருவர் தொடங்குவார். அவர் சொன்னதை அறிக்கையில் எழுதும்போது ஆண்டு, இனம், ஊர் என்று அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது. பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் "சுங்கை பட்டாணி மாணவி" என்று எழுதினால் பெயரையே எழுதியதற்குச் சமம்.

இனி உங்கள் பக்கத்துக் கவனம். பினாங்கின் டிசைன் உலகமே ஒரு கோப்பிக்கடைக்குள் அடங்கிவிடும். அந்தக் கல்லூரி மாணவர் உங்கள் அலுவலகத்தில் இண்டர்னாக இருக்கிறாரா, உங்கள் அக்கா மகள் அங்கே படிக்கிறாளா, போட்டிக் கல்லூரியில் வகுப்பெடுக்கச் சொல்லி உங்களுக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறதா, அவர்கள் கட்டடத்துக்கு நீங்கள் எப்போதாவது கொட்டேஷன் கொடுத்தீர்களா? எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆவணங்களில் மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும், அதற்கு 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பக் கூடாது, வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட வேண்டும். மதிய உணவு தரலாம், சாப்பிடலாம். தீபாவளி ஹேம்பர் வீட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தொழில்துறையிலிருந்து போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, "இவர்களை என் அலுவலகத்தில் வேலைக்கு எடுப்பேனா?" என்ற ஒரே கேள்வியோடு போவது. உங்கள் அலுவலகம் ஹோட்டல் வேலை செய்யும், அந்தப் படிப்பு கண்காட்சி வடிவமைப்பில் ஊன்றியிருக்கலாம். தரநூல் அதை அனுமதித்தால் சரிதான். ரசனையும் அப்படித்தான். உங்களுக்குப் பிடிக்காத பாணியில் நூறு தாள் இருந்தாலும் அறிக்கையில் அதற்கு இடமில்லை. இன்னொரு பிழை, இலவச ஆலோசகர் ஆகிவிடுவது. "இன்னாரை நியமியுங்கள், இந்த மென்பொருளை வாங்குங்கள்" என்று எழுதக் கூடாது. எந்தத் தரம், எந்த அத்தாட்சியைப் பார்த்தீர்கள், இடைவெளி எங்கே என்று மூன்றையும் ஒரே பத்தியில் வையுங்கள். எப்படிச் சரிசெய்வது என்பது கல்லூரியின் வேலை. வருகை முடியும் கூட்டத்தில் தலைவர் படிப்பது குழு சேர்ந்து ஒப்புக்கொண்டதை மட்டுமே. பிறகு வராந்தாவில் யாராவது "பாஸ் தானே மேடம்?" என்று கேட்டால் சிரித்துவிட்டு லிஃப்டுக்குப் போய்விடுங்கள்.

அமெரிக்கக் கேள்விக்கு வருகிறேன். அங்கே இதைச் செய்வது மிஷிகன் மாநிலம் கிராண்ட் ரேப்பிட்ஸில் இருக்கும் சி.ஐ.டி.ஏ. என்னும் மன்றம். 1970-இல் வேறு பெயரில் தொடங்கி 2006-இல் இந்தப் பெயருக்கு மாறியது. அங்கேயும் தொழில்காரர்களும் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றுத் தன்னார்வலர்களாகப் போகிறார்கள், வருகைக் குழு அறிக்கை எழுதுகிறது, முடிவை வேறொரு குழு எடுக்கிறது. அந்த அமைப்பு ஒத்துப்போகிறது. ஆனால் அது தனியார் அமைப்பு, படிப்புகள் விரும்பித்தான் விண்ணப்பிக்கின்றன. இங்கே அங்கீகாரம் இல்லையென்றால் மாணவருக்குப் பி.டி.பி.டி.என். என்னும் அரசுக் கல்விக் கடன் கிடைக்காது. ஆகவே நீங்கள் எழுதும் ஒரு வரி, குடும்பங்களின் பணப்பையைத் தொடுகிறது. சி.ஐ.டி.ஏ. தரநூலில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஒரு விஷயத்தை மாணவர் அறிந்திருக்க வேண்டுமா, புரிந்திருக்க வேண்டுமா, செய்து காட்ட வேண்டுமா என்று சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன சாய்தள அம்புக்குறி முதல் வகை, மேசையை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டது மூன்றாம் வகை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டு போங்கள், அளவுகோலை மட்டும் கொண்டு போகாதீர்கள். இங்கே கோப்பாதான் அளவுகோல்.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, மதிப்பீட்டாளர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். உங்கள் சிறப்புத் துறை, மேலே சொன்ன உறவுகளின் பட்டியல், வரமுடியாத வாரங்கள் மூன்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தைப்பூச வாரம் தண்ணீர்மலைப் பக்கம் போக வேண்டியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் வருகையே தள்ளிப்போகும், இறுதியாண்டு மாணவர்கள் முழு அங்கீகாரத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.